எடைப் பொறி சொல்லாத கணக்கு
பெருங்குடல் புற்றுநோய் கண்டவர்களில் சற்றுப் பருமனானவர்களே கூடுதல் காலம் வாழ்கிறார்கள், ஆகவே உடற்கொழுப்பு ஒரு சேமிப்பாக உதவுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க இயலவில்லை. அந்த முடிவுக்கு அடிப்படையான உடல் நிறைக் குறியீடு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் மட்டுமே. அதில் தசை எவ்வளவு, வயிற்றுக் கொழுப்பு எவ்வளவு என்பது தெரியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிய என் மாமா, நோய் தெரிவதற்கு முந்தைய ஆறேழு மாதங்களில் தம் இடுப்பு வாரில் ஆணியால் மூன்று புதிய துளைகள் போட்டுக்கொண்டார். தேநீரில் சீனியைக் குறைத்ததால் இளைத்தார் என்று நாங்களும் மகிழ்ந்தோம். சிகிச்சைக்குச் சேர்ந்த அன்று அவருடைய எடை ‘இயல்பு’ என்றே பதிவானது. இப்படி நோயால் கரைந்தவர்களும் இயல்பான எடையினர் பட்டியலில் சேரும்போது, பருமனே மற்றவர்களைக் காத்ததைப் போன்ற தோற்றம் எழுவதில் வியப்பில்லை. மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்து சிடி ஸ்கேன் படத்தில் தசையையும் கொழுப்பையும் தனித்தனியே அளந்த ஆய்வுகள், தசை குறைந்தவர்களின் நிலை மோசமாக இருந்ததைக் காட்டியுள்ளன. அக்குறை பருத்த உடலுக்குள்ளும் மறைந்திருக்கலாம். ‘அப்படியானால் ரொட்டி சானாயை (எண்ணெய் மிகுந்த பரோட்டா வகை) விட வேண்டியதில்லை’ என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய அன்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நோய் வருவது வேறு, வந்தபின் பிழைப்பது வேறு. மிகைக் கொழுப்பு இந்நோய்க்குக் காரணமாவதற்குப் போதிய சான்று உண்டு என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இலேயே அறிவித்துவிட்டது.