வெற்றுக் கட்டத்தில் பூஜ்ஜியம் போடாதீர்கள்

நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த கணக்கெடுப்புத் தரவைத் திருத்தி, ஒரு கோப்பாக இலவசமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். அந்தத் தரவுக் கோப்பு பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. யார் முதலில் பகிர்ந்தது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அளக்காமல் விட்ட இடத்திலெல்லாம் பூஜ்ஜியத்தை நிரப்பிவிட்டு, "தரவைச் சுத்தம் செய்துவிட்டோம்" என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, எனக்கு ஆத்திரம் அதில்தான்.

பூஜ்ஜியம் என்றால் அளந்தோம், ஒன்றும் இல்லை. வெற்றுக் கட்டம் என்றால் அளக்கவே இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும்? பத்துப் பேரில் ஐந்து பேரிடம் மட்டும் அளந்து, ஐவருக்கும் 8 வந்தால் சராசரி 8. மிச்ச ஐவருக்கும் பூஜ்ஜியம் போட்டால் 4. தரவுத்தளங்களில் 'நல்' (null), அதாவது 'மதிப்பு பதிவாகவில்லை' என்ற குறி, தனியாக இருப்பதே இதற்காகத்தான். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) சராசரி கேட்டால், நல் இருக்கும் வரிசையை அது கணக்கில் சேர்க்காது. பூஜ்ஜியத்தைச் சேர்த்துவிடும்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்பீர்கள். கோப்பில் நடக்கும் சின்னத் தவறு என்ன செய்யும் என்று பாருங்கள். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது, அவ்வளவுதான் காரணம். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. இதுவும் சின்ன விஷயமா?

வெற்றிடம் இருந்தால் மென்பொருள் ஓடாது என்பவர்களுக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை.

நான் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவள். வருமானம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பெரியவர் இன்னும் நினைவில் இருக்கிறார். "அதை மட்டும் கேக்காதம்மா" என்றார். கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் 99 என்று எழுதினேன். பதில் சொல்ல மறுத்தார் என்பதற்கான குறியீடு அது. குறியீட்டு விளக்கம் தனித்தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தொலைத்துவிட்டுக் கோப்பை மட்டும் அனுப்பினால், அந்தப் பெரியவரின் மௌனம் ஒரு தொகையாகிவிடும். பூஜ்ஜியமாக மாற்றினால் வருமானமே இல்லாதவராகிவிடுவார். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

"இலவசமாகக் கொடுப்பதைக் குறை சொல்கிறீர்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். மனசு ரொம்ப வலித்தது. யார் கொடுத்தது இலவசமாக? வெயிலில் நின்று கேட்டவர்கள் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத எங்களை நம்பி, வீட்டு விஷயங்களைச் சொன்னவர்கள் கொடுத்தார்கள். நீங்கள் அதைக் கைமாற்றினீர்கள். எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதக்கூடவா நேரமில்லை? சேகரித்தவர்கள் பெயர் ஓர் ஓரத்திலாவது இருந்ததா? எங்கள் வேலை உங்களுக்கு வேலையாகவே தெரியவில்லை. அதனால்தான் நாங்கள் விட்ட வெற்றிடத்தை எங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்து நிரப்பியிருக்கிறீர்கள்.

சரி. மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே போடுங்கள். குறியீட்டு விளக்கத்தையும் கூடவே போடுங்கள். திருத்தியது வேண்டுமென்றால் அதைத் தனிக் கோப்பாக வையுங்கள். அதுவரைக்கும் பூஜ்ஜியம் நிரப்பி எடுத்த அந்தச் சராசரியைத் தூக்கிக்கொண்டு என் பதிவுக்கு விவாதம் செய்ய வராதீர்கள்.