அந்த நாற்பது விநாடி

ஆபீசில் அப்ரைசல், அதாவது வருஷ வேலைக்கு மார்க் போடுவது, முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெங்களூரு மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏற நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் வாயில் ரேட்டிங்தான். "எனக்கு 3 போட்டுட்டாங்க மச்சான், பேப்பர் போடப் போறேன்."

எங்கள் டீமில் ஆம்பூர் அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரே பில்லிங் சிஸ்டத்தில் 11 வருஷம். போன வருஷம் அவருக்கும் 3தான். ஆள் மோசம் என்று மேனேஜரே நினைக்கவில்லை. எல்லார் ரேட்டிங்கையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் நார்மலைசேஷன் மீட்டிங்கில் யாரையாவது கீழே இறக்கியாக வேண்டும். "புதுசா என்ன செஞ்சார்?" என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. எதுவும் உடையாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாதே! மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்ட வரிசைப்படுத்தல் இது. எங்கள் ஆபீசில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அண்ணன் கிளம்பினார். இரண்டு வாரம் கே.டி. (தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது), ஒரு கேக்.

அவர் இடத்துக்கு வந்த பையன் கெட்டிக்காரன். ராத்திரி பில்களை மொத்தமாகப் போடும் பேட்ச் ஜாப், ஏன் என்று கோடில் ஒரு கமென்ட்கூட (விளக்கக் குறிப்பு) இல்லாமல் 40 விநாடி சும்மா நிற்பதைக் கண்டுபிடித்துத் தூக்கினான். பாராட்டு மெயில் வந்தது. நானும் தம்ஸ் அப் போட்டேன். மாதக் கடைசியில் மட்டும் பக்கத்து சிஸ்டம் ஃபைலை எழுதி முடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் அந்த 40. பாதி ஃபைலை எங்கள் ஜாப் எடுத்துக்கொண்டது. முழுசாக வந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓடியது. பல பேருக்கு ஒரே பில் இரண்டு தடவை.

நல்ல புரோகிராமர் ஒருவர் பத்துப் பேருக்குச் சமம் என்பார்கள். இந்தப் பேச்சின் ஒரு வேர் 1968-இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் வெளியிட்ட ஆய்வு. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே வேலை செய்வது மேலா, புரோகிராமைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது மேலா என்று பார்க்கத்தான் அது நடந்தது. அனுபவசாலிகள் 12 பேர். ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். சரி. ஆனால் வேறு யாரோ எட்டு வருஷம் முன்னால் எழுதிய புரோகிராமைத் தொட்டுப் பிழைக்கும் நிலைமை அவர்களுக்கு இல்லை. நமக்குத் தினமும் அதுதான் வேலை.

நிலைத்து நின்றாலே பெரிய ஆள் என்று சொல்லவில்லை. பாஸ்வேர்டை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீனியர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம்கூட நின்ற வருஷத்துக்குத் தலா 15 நாள் சம்பளம் என்று கணக்கு வைத்தது. அப்ரைசல் ஃபார்மில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அன்று ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "தம்பி, அந்த நாப்பதை யாருப்பா எடுத்தது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கமென்ட் எழுதணும்னு எட்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அது அவர் தப்பு; அவரும் மறுக்கவில்லை.

40-ஐத் திரும்ப வைத்து, மேலே ஆறு வரி கமென்ட் எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். பையன் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

அது ஆம்பூர் அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் இப்போது ஒயிட்ஃபீல்டில் வேறொரு பில்லிங் சிஸ்டம் கற்றுக்கொண்டிருக்கிறார்.