ஃபேன் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் மிச்சமாகாதா?

"ஃபேனை 5-ல் வைத்தாலும் 1-ல் வைத்தாலும் ஒரே கரண்ட்தான்" என்று பலர் சொல்வது சரியில்லை. இது பழைய பெட்டி ரெகுலேட்டர் காலத்துப் பேச்சு. உள்ளே கம்பிச் சுருள் இருக்கும், தொட்டால் சுடும். மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தச் சூட்டிலேயே போய்விடும். அதிலும்கூட கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

சுவிட்ச் போர்டில் அடங்கும் சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அப்படி வீணாவது மிகக் குறைவு. சந்தேகமிருந்தால் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் ஓட்டி மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள்: 5-ல் அடிக்கடி சிமிட்டும், 1-ல் நிதானமாக. வாங்குவதானால் கெப்பாசிட்டர் வைத்த, 1, 2, 3 என்று படிப்படியாக மாறும் ஸ்டெப் வகையே நல்லது. படியில்லாமல் திருகும் மற்ற வகையில் குறைந்த வேகத்தில் ஃபேன் உறுமும்.

சாதா ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 28 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த) ஃபேனுக்கு 20 யூனிட்தான். ஆனால் அதை ஏற்கெனவே இருக்கும் ரெகுலேட்டர் வழியாக இணைக்கவே கூடாது, ஃபேனின் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு கெட்டுவிடலாம். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றி நேராகக் கொடுங்கள்.