பிவிசி குழாயும் ஒத்துக்காரரின் மூச்சும்

டிட்ஜெரிடூ என்னும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீண்ட ஊதுகுழலைப் பிவிசி குழாயில் செய்யலாம் என்றால், குழாயை ஊதுவதெல்லாம் இசையா என்று கேட்கிறார்கள். இசைதான். டிட்ஜெரிடூவில் ஒலிப்பது மரம் அல்ல, உள்ளே நிற்கும் காற்று. ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்டில் யோல்ங்கு மக்கள், கறையான் உள்ளே தின்று குடைந்த யூகலிப்டஸ் மரத்தைத் தேடிப்பிடித்து இதைச் செய்கிறார்கள். அந்தக் குடைவு அடிப்பக்கம் விரிந்திருப்பதால் வரும் மேல்சுரங்கள் நேர்க்குழாயில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றரை அங்குலக் குழாயை 1.3 மீட்டர் நீளத்துக்கு அறுத்து, உதட்டைத் தளர்த்தி அதிரவிடுங்கள். ஏறக்குறைய 66 ஹெர்ட்ஸில் எழும் அடிநாதம் நெஞ்சுக்கூட்டையே அதிர வைக்கும்.

செய்வது எளிது. பினாங்கில் குளியலறையைப் புதுப்பிக்கும் வீடுகளில் எல்லாம் குழாய்த் துண்டு மிஞ்சுகிறது. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, வாய் வைக்கும் பக்கம் தேன்மெழுகை உருட்டி ஒட்டி, துளையை 3 சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். தீயில் மட்டும் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும். குழாயின் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறும். பாடுகிறவரின் சுருதிக்கே அறுத்துக்கொள்ளலாம். மலிவான குழாயில்தான் அந்தத் துணிச்சல் வரும்.

நம் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது மூச்சுக்காக. நாகஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும் ஒத்து என்னும் குழலை ஊதியவர், கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். நாதம் ஒரு நொடியும் அறாது. டிட்ஜெரிடூவுக்கும் அதே மூச்சுதான். எங்கோ கடல் கடந்து வாழும் மக்கள் அதைக் கட்டிக்காக்கிறார்கள். நாமோ ஒத்துக்காரரின் இடத்தைச் சுருதிப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கு இது ஆறாத வருத்தம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் கை சோராமல் உறுமி வாசிக்கிற பிள்ளைகளுக்கு இந்த மூச்சு கைவராதா? ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பழகட்டும். தொடக்கம் அதுதான்.

உடலுக்கும் நல்லது. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த சுவிஸ் ஆய்வில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 25 பேர் பங்கேற்றார்கள். நான்கு மாதம் டிட்ஜெரிடூ ஊதியவர்களுக்குப் பகல் தூக்கக் கலக்கம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், மருத்துவர் சொன்ன சிகிச்சையை யாரும் இதற்காக நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. குழாய்க்குப் பழுப்பு வண்ணம் பூசி, புள்ளி புள்ளியாக வரைந்து, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வாத்தியம் என்று விற்பது. அவர்களுடைய குலச் சின்னங்களை வரைய நமக்கு உரிமை இல்லை. புள்ளி வைக்க ஆசையாக இருந்தால் நம் வாசல் கோலம் இருக்கிறதே, அதை வரையுங்கள்.

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வரலாம். ரம்பமும் மெழுகும் என்னிடம் இருக்கின்றன. யாருக்காகச் செய்கிறோமோ, அவர் பாடும் சுருதி என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.