பெயர்க்கல்லைக் கவிழ்த்துப் போட்டால் தாகம் தீருமா?

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். அதை இடித்த படத்தை இங்கே போட்ட அன்றே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குக் கீழே வந்த கருத்துகளையெல்லாம் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "செத்துப்போன ஒரு ஆச்சி பேர்ல பழைய தொட்டி, அதுக்கு இவ்வளவு கூப்பாடா?" என்று ஒருவர் கேட்கிறார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் கூடப் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆமாம், அதற்குத்தான் இவ்வளவு கூப்பாடு.

வடிகால் வேலைக்கு இடம் வேண்டும் என்று தொட்டியை இடித்தார்கள். இடித்ததைவிட எனக்கு ஆறாதது அந்தக் கல். முன்பக்கம் பதித்திருந்த பெயர்க்கல்லைக் கவிழ்த்துப் போட்டு, வெட்டிய சாக்கடைக்கு மூடியாக்கிவிட்டார்கள். ஓரத்தில் இருந்த தாமரைச் செதுக்கலை வைத்துத்தான் அது அந்தக் கல் என்றே அடையாளம் தெரிந்தது. அதன் மேல் இப்போது இரண்டு சக்கர வண்டிகள் நிற்கின்றன. கல்லில் என்ன எழுதியிருந்தது என்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? ஒரு ஆச்சியின் பெயர், அவர் எந்த வீட்டு மருமகள் என்பது, ஞாபகார்த்தமாக என்று ஒரு வார்த்தை, பிரஜோற்பத்தி வருஷம் சித்திரை மாதம், கடைசி வரியில் தண்ணீர் தர்மம். பிரஜோற்பத்தி என்றால் 1931. அத்தனை வருஷம் வெயிலில் நின்று தண்ணீர் கொடுத்த கல் அது.

நான் சொல்வது ஒன்றுதான். தெருவில் தண்ணீர் வைத்தவரின் பெயரை எடுத்துவிட்டால், கொஞ்ச நாளில் தண்ணீரும் போய்விடும். பெயர் இருந்தவரை கேட்பதற்கு ஒரு வீடு இருந்தது. குழாய் ஒழுகினால், தொட்டியில் பாசி பிடித்தால், "உங்க அப்பத்தா தொட்டியில தண்ணி வரலையே" என்று அந்த வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது. அவர்களும் ஆள் அனுப்பினார்கள். இனிமேல் யார் வாசலில் போய் நிற்பது?

"உனக்கென்னப்பா, சொந்தக்காரங்க பெருமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அந்த ஆச்சியின் செட்டியார் வீட்டுப் பிள்ளை இல்லை. என் தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். ரயிலடியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து சந்தையில் இறக்குவார். அந்தத் தொட்டியில் மனிதர் குடிக்க மேலே இரண்டு பித்தளைக் குழாய், மாடு குடிக்கக் கீழே நீளமாக ஒரு கருங்கல் தொட்டி. மாடுகள் கழுத்தை வைத்து வைத்துக் கல்லின் விளிம்பு ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து பள்ளமாகிப் போயிருக்கும். தாத்தா வண்டியை அவிழ்த்து முதலில் மாட்டைக் குடிக்க விட்டு, அது தலையைத் தூக்கிய பிறகுதான் தான் குடிப்பார். குடித்து முடித்ததும் ஈரக்கையால் அந்த எழுத்துகளை ஒரு தடவை தடவுவார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அது யார் பெயர் என்று தெரியும். "புண்ணியவதி" என்பார், அவ்வளவுதான். அந்தக் கல்லைத்தான் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறீர்கள்.

நம் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. மழையை நம்பிய பூமி. அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, செம்புராங்கல்லில் கரை கட்டி, அதில் குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, குடிக்க மட்டும்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில்தான் தண்ணீரை நினைவுச் சின்னமாக வைக்கத் தோன்றும். நம் முன்னோர் சொன்ன முப்பத்திரண்டு அறங்களில் தண்ணீர்ப் பந்தலும் உண்டு, மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல் நடுவதும் உண்டு. சாலை ஓரத்துச் சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக நட்ட கல் அது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று வைத்தார்கள். துக்கத்தை இப்படி ஊருக்குப் பயன்படுகிற மாதிரி மாற்றத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாம்.

"பேர் போட்டுக்கத்தானே செஞ்சாங்க, அதுல என்ன தர்மம்?" இந்தக் கேள்விக்குத்தான் அதிகமான லைக். பெரியபுராணத்தில் வரும் திங்களூர் அப்பூதியடிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? அவர் வைத்த தண்ணீர்ப் பந்தலில் தன் பெயரைப் போடவில்லை. நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரைப் போட்டார். அந்த வழியாக வந்த நாவுக்கரசரே, "உங்கள் பெயரை விட்டுவிட்டு ஏன் வேறொருவர் பெயர்?" என்று கேட்டபோது, வந்திருப்பவர் யாரென்று தெரியாமல் அப்பூதியடிகளுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே தண்ணீர்ப் பந்தலுக்கு இன்னொருவர் பெயரை வைப்பது அன்பின் அடையாளம். நம் தொட்டியிலும் கட்டிக் கொடுத்த மகனின் பெயர் எங்கேயும் இல்லை. செத்துப்போன அம்மாவின் பெயர்தான் இருந்தது. இதில் என்ன தற்பெருமை?

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் சிலருக்கு ஏறும் என்றால் அதையும் சொல்கிறேன். லண்டனில் ஏழைகளுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1854இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், பிராட் தெருக் குழாயின் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்று காட்டியதும் அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். அத்தோடு விட்டார்களா? 1859இல் சாமுவேல் கர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் எட்வர்ட் வேக்ஃபீல்ட் என்ற வழக்கறிஞரும் சேர்ந்து குடிநீர்க் குழாய்ச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்த ஏப்ரல் 21ஆம் தேதி ஒரு தேவாலயச் சுவரில் முதல் குழாயைத் திறந்தார்கள். சங்கிலியில் கட்டிய குவளை, வடிகட்டிய தண்ணீர், காசு கிடையாது. ஒரு நாளைக்கு 7,000 பேர் வரை அதில் குடித்தார்கள். 1867இல் அந்தச் சங்கம் தன் பெயரிலேயே கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. மாட்டுக்கும் குதிரைக்கும் சேர்த்து யோசித்தார்கள், என் தாத்தாவின் மாட்டுக்காக அந்த ஆச்சி வீட்டார் யோசித்ததைப் போல.

"தொட்டி அழுக்கா இருந்துச்சு, அதான் எடுத்தாங்க" என்பவர்களுக்கு இதுதான் பதில். அழுக்காக இருந்தால் கழுவ வேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால் நல்ல தண்ணீர் விட வேண்டும்.

"ரோடு வேலைக்கு இடம் வேணாமா?" வேண்டும். நான் வடிகாலுக்கு எதிரி இல்லை. என் கடை முன்னாலும்தான் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. ஆனால் லண்டனில் அந்த முதல் குழாயையும் சாலை, பால வேலைக்காக 1867இல் எடுத்தார்கள். தூக்கிப் போடவில்லை. 1913இல் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அடிமை முறை ஒழிந்ததன் நினைவாக நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் எழுப்பிய பக்ஸ்டன் நினைவுக் குழாயையும் ஒரு கட்டத்தில் இடத்தை விட்டு எடுத்தார்கள், 1957இல் அருகிலேயே ஒரு பூங்காவில் திரும்ப நிறுத்தினார்கள். நமக்குப் பத்தடி தள்ளி வைக்க மனசு வரவில்லை.

நம்மவர் கொடுத்த தண்ணீரை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பம்பாய்ப் பார்சி வணிகர் கோவாஸ்ஜி ஜஹாங்கீர் கொடுத்த குடிநீர்க் குழாய் மண்டபம் 1869இலிருந்து லண்டன் ரீஜென்ட் பூங்காவில் நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஸ்டோக் ரோ என்று ஒரு சின்னக் கிராமம். தண்ணீர்க் கஷ்டம் உள்ள மேட்டுப் பூமி. அங்கே 1864இல் திறந்த கிணற்றுக்குப் பணம் கொடுத்தவர் காசி மகாராஜா. நம் நகரத்தார், அதாவது செட்டியார்கள், சத்திரம் கட்டி வைத்திருக்கிறார்களே, அதே காசி. 368 அடி ஆழம், கையாலேயே தோண்டியது. பராமரிப்புச் செலவுக்கு வருமானம் வர, பக்கத்திலேயே ஒரு செர்ரித் தோட்டத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். தர்மத்தோடு அதற்கு ஒரு நிலத்தையும் எழுதி வைக்கிற நம் ஊர்ப் பழக்கம் அப்படியே இருக்கிறது பாருங்கள். அந்தக் கிணற்றை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பூவாகப் பொத்திக் காக்கிறார்கள். கொடுத்தவர் எங்கேயோ இருந்தவர், வேற்று மதத்துக்காரர். யாரும் "செத்துப்போன ராஜா பேர்ல ஒரு பழைய கிணறு" என்று சிரிக்கவில்லை.

இன்னொரு கேள்வி வந்தது. அது நியாயமான கேள்வி. "அந்தக் காலத்துத் தண்ணீர் தர்மத்தில் எல்லாரும் குடிக்க முடிந்ததா?" முடியவில்லை. பல ஊருணிகளில் சிலரைக் கரையிலேயே நிறுத்தி வைத்த கொடுமை நடந்தது. பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927இல் மகாத் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போக வேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச நான் தயாராக இல்லை. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் பேருந்து நிலையத் தொட்டியில் நீ யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு இடித்துப் போடுவது எந்தச் சமத்துவம்? இப்போது அங்கே 20 ரூபாய் இருந்தால்தான் தண்ணீர். அதுவும் ஒரு தடைதானே?

தொட்டி கட்டியது செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சேர்த்த காசுதானே என்று ஒருவர் கேட்கிறார். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கை என் தாத்தாவும் அவர் மாடும் தீர்க்க முடியாது.

"இப்ப எல்லார் கையிலயும் பாட்டில் இருக்கு" என்கிறீர்கள். யார் கையில்? காலையில் முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு வந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். ஒரு கட்டு விற்றால் என்ன கிடைக்கும், அதில் 20 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்குவார்களா? சித்திரை வெயிலில் டீக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு டீ வாங்கிக் குடிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தொட்டியில் குடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாரீஸில் பிரஷ்யாவோடு நடந்த போர் முடிந்த கையோடு 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற செல்வந்தர் தெருத் தெருவாக நிறுவிய பச்சை நிற இரும்புக் குழாய்களில் இன்றும் நூற்றுக்கு மேல் தண்ணீர் கொடுக்கின்றன. அந்த ஊரில் பாட்டில் கிடைக்காமலா?

இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா தவறியபோது ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்றார்கள். தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி, சுற்றிலும் எங்கள் எல்லார் முகமும். நான் வேண்டாம் என்றேன். கோடையில் கடை வாசலில் இரண்டு மண்பானை வைத்து, வெட்டிவேர் போட்டு, அப்பா பெயரைச் சின்னதாக ஒரு பலகையில் எழுதி மாட்டினேன். போன வருஷம் அதைப் படம் எடுத்துப் போட்டு, "தண்ணி வச்சு வியாபாரத்துக்கு ஆள் புடிக்கிறான்" என்று எழுதியவர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு அம்மா பலகையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார். பெயர் இல்லாத பானையில் அடுத்த வாரமே யாரோ வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பெயர் வேண்டும். ஒரு மனுஷியின் பெயர், ஒரு மனுஷனின் பெயர், அவர்களை நினைத்து வைத்த தண்ணீர் இது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

சரி, அழுது என்ன ஆகப்போகிறது? திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மனு கொடுக்கப் போகிறேன். இரண்டே விஷயம்தான் கேட்கப் போகிறோம். வடிகால் வேலை முடிந்ததும் அதே இடத்திலோ பக்கத்திலோ குடிதண்ணீர்க் குழாய் வேண்டும். அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவி, எழுத்து வெளியே தெரியப் பதிக்க வேண்டும். செலவு பிரச்சினை என்றால் பழைய மாணவர் குழுவில் சிலர் பொறுப்பேற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சியின் பேரன் வழியினர் சென்னையில் இருக்கிறார்கள், அவர்களிடமும் பேசியாகிவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஞாயிறு மாலைக்குள் கடைக்கு வாங்க. கல் கனமானது, தூக்குவதற்கு ஆறு பேராவது வேண்டும். சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் வரலாம்.