மூடாத வால்வுக்கு எதற்கய்யா கைப்பிடி?

வால்வு என்றால் மூட வேண்டும். அதற்கு வேறு என்ன வேலை? கோலாலம்பூர் செந்தூலில் என் பிளாட்டில் இருப்பதெல்லாம் அலங்காரத்துக்குப் போலிருக்கிறது.

காலையில் பாத்ரூம் ஸ்ப்ரே ஹோஸ் பிய்த்துக்கொண்டது. ஹோஸ் போனால் போகட்டும், சில ரிங்கிட்தான். சுவரில் இருக்கிற ஆங்கிள் வால்வை அடைக்கப் போனால் பிடி கையோடு வந்துவிட்டது. சரி, மெயினை அடைப்போம் என்று சிங்க் அடியில் தலையை விட்டேன். கேட் வால்வு. திருகினேன், சுற்றியது. இன்னும் திருகினேன், இன்னும் குஷியாகச் சுற்றியது. வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உள்ளே அரித்துப்போய், தண்ணீரை மறிக்கிற தகடு தண்டைவிட்டுக் கழன்றுவிடும். அப்புறம் கைப்பிடி பொம்மை கார் ஸ்டீரிங் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கால் வட்டம் திருப்பினால் அடைத்துக்கொள்கிற பால் வால்வு எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறதே, அதை விட்டுவிட்டு இதைப் பொருத்திய மகான் எங்கிருந்தாலும் வாழ்க!

மொட்டை மாடி டேங்க் எங்களுக்கு முப்பது மீட்டர் மேலே. பத்து மீட்டருக்கு ஒரு பார் என்று கணக்குப் போட்டால் மூன்று பார் அழுத்தம். கட்டைவிரலால் அடைத்தேன், எதிர்ச் சுவர் குளித்தது. மனைவி துண்டைச் சுற்றினாள், துண்டும் குளித்தது.

மீட்டர் அறைக்கு ஓடினால் பூட்டு. சாவி ஆபீசில். சாவி வைத்திருப்பவர் தே தாரிக் டீ குடிக்கப் போயிருக்கிறார். காவலுக்கு நிற்கிற ஜாகாதான், மகராசன், எங்கிருந்தோ இன்னொரு சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே வரிசையாக மீட்டர்கள். ஒன்றிலாவது வீட்டு நம்பர் இருக்கிறதா? மார்க்கரில் எழுதியது எல்லாம் அழிந்து கிடக்கிறது. சாமி மேல் பாரத்தைப் போட்டு ஜாகா ஒன்றின் வால்வைத் திருப்பினார். அடுத்த நிமிடம் எதிர்வீட்டு ஆன்ட்டி தலை நிறைய ஷாம்பு நுரையோடு வாசலில் நிற்கிறார்.

"ஏன் தம்பி, உங்க வீட்டுத் தண்ணிய அடைக்க எங்க வீட்டு வால்வுதான் கிடைச்சுதா?"

இதற்குள் கீழ்வீட்டு அங்கிள் தன் வீட்டுச் சீலிங் ஈரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று. சீலிங் ஒழுகினால் மேல்வீட்டில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். வேறு காரணம் என்று நிரூபிக்கும் வரை நான்தான் குற்றவாளி. புகார் வந்தால் நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஏழு நாளா? தே தாரிக் கோஷ்டி உடனே கிளிப்போர்டோடு வந்து நின்றது. சாவிக்கு வராத கால்கள்!

ஒரு வழியாகத் தண்ணீர் நின்றது. பிளம்பர் வந்து ஹோஸ், ஆங்கிள் வால்வு இரண்டையும் மாற்றிவிட்டு, சிங்க் அடியில் எட்டிப் பார்த்தார்.

"இந்த கேட் வால்வையும் மாத்திடணும்ணே. நாளைக்கு வரேன். நான் வரும்போது தண்ணிய அடைச்சு வச்சிருங்க."

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். நானும் ஈரக் கால்சட்டையோடு சிங்க் அடியில் உட்கார்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அது கிடக்கட்டும். லிஃப்டில் இவ்வளவு பெரிய எழுத்தில் டுரியான் கூடாது என்று ஒட்டியிருக்கிறதே, நேற்று ராத்திரி ஒரு மூட்டையை ஏற்றி வந்த புண்ணியவான் யார்?