ஷார்ப்பு சரி தம்பி, லாக்கு எங்க நிக்குது?

போன வாரம் எங்க டூல் ரூம்ல இருக்கற தம்பி ஒருத்தன் புது மடக்குக் கத்தி ஒண்ண எடுத்து நீட்டுனான். "எம்390 ஸ்டீலுங்ணா, சாணையே புடிக்க வேண்டியதில்ல"ன்னான். விலைய கேட்டேன், கேக்காமயே இருந்திருக்கலாம். விரிச்சு, அலகு திரும்ப மடங்கிராம புடிச்சுக்கற லாக் விழுந்ததும் அலகையும் கைப்பிடியையும் புடிச்சு மேல கீழ அசைச்சு பாத்தா டிக்கு டிக்குன்னு ஆட்டம். வாங்கி 3 மாசம் கூட ஆகலயாம். என்னடா அறுத்தேன்னு கேட்டா சிரிக்கறான். அறுத்ததெல்லாம் ரெண்டு கொரியர் பெட்டி, மத்தபடி டீ குடிக்கறப்ப, போன் பேசறப்ப, மெஷின் ஓடிட்டு இருக்கறப்பன்னு நாள் முழுக்க கைய உதறி சட்டு சட்டுன்னு விரிச்சு மடக்கிட்டே இருந்திருக்கான்.

எனக்கு ரொம்ப நாளா இருக்கற கடுப்பு இது. கத்தி வாங்கறவன்ல பத்துக்கு ஒம்பது பேரு அலகு என்ன ஸ்டீல்னு தான் கேக்கறான். அலகு மழுங்குனா கல்லு இருக்கு, பத்து நிமிஷத்துல பழையபடி ஆயிரும். லாக் தேஞ்சா எந்தக் கல்லுல தேய்ப்ப? லாக்னா உலோகமும் உலோகமும் முட்டிக்கிட்டு நிக்கற எடம், அது தேஞ்சே தீரும், தேயாத லாக்ன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அது தேஞ்சா நகந்து போய் உக்கார எடம் விட்டு செஞ்சிருக்கானான்னு தான் நான் பாப்பேன்.

லைனர் லாக்கையே எடுத்துக்கங்க. கைப்பிடிக்குள்ள இருக்கற தகட்ட வெட்டி ஸ்பிரிங் மாதிரி வளச்சு விட்டிருப்பாங்க, அலக விரிச்சதும் அது உள்பக்கமா பாஞ்சு அலகோட அடிப்பாகத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கும். அமெரிக்க ராணுவத்தோட டிஎல்-29 எலக்ட்ரீஷியன் கத்தியிலயே இந்த ஐடியா இருந்துச்சு, 1980கள்ல மைக்கேல் வாக்கர் அத மெருகேத்தி இன்னைக்கி நாம பாக்கற லைனர் லாக்கா ஆக்குனாரு. இதுல சூட்சுமம் என்னன்னா அலகோட அடிப்பாகம் நேரா இருக்காது, ஏழெட்டு டிகிரி சாய்வா இருக்கும். மம்பட்டிக் காம்புக்கு ஆப்பு வெக்கறோமே அதே கத தான். காம்பு லூசானா ஆப்ப இன்னும் ஒரு தட்டு தட்டுவோம், உள்ள போகும், இறுகும். இங்க தட்டறதுக்கு சுத்தியலுக்கு பதிலா ஸ்பிரிங் இருக்கு, அவ்ளோதான்.

இப்ப கணக்கு போடுங்க. 8 டிகிரி சாய்வுல லாக்கும் அலகும் முட்டற முகம் 0.1 மில்லிமீட்டர் தேஞ்சா லாக் பக்கவாட்டுல 0.7 மில்லி நகரும். அலகோட தடிமனே 3 மில்லி தான் இருக்கும், அதுல கிட்டத்தட்ட கால்வாசி போச்சு! 0.1 மில்லிங்கறது ஒரு பேப்பர் கனம். அதனால தான் புதுக்கத்தியில லாக் அலகோட ஓரத்துல கொஞ்சமா புடிச்சு நின்னா பயப்படாதீங்க, அது நல்லது, இன்னும் நகர எடம் பாக்கி இருக்கு. புதுசுலயே முக்கால்வாசி தாண்டி நின்னா வாங்காதீங்க. ஆரம்பத்துல மேடு பள்ளம் உக்கார்ற வரைக்கும் வேகமா நகரும், அப்புறம் மெதுவாயிரும். சாய்வ அதிகமாக்குனா தேய்மானத்துக்கு நகர்றது கம்மியாகுமேன்னு கேப்பீங்க, ஆகும், ஆனா அழுத்துனா வழுக்கி விட்டுரும், விரல்ல தான் விழும். கம்மியாக்குனா கெட்டியா புடிச்சுக்கிட்டு லாக்க விடுவிக்கவே முடியாது. லேத்ல மோர்ஸ் டேப்பர் ட்ரில்ல, அதான் லேசான சரிவுல இறுகிக்கற காம்பு வெச்ச ட்ரில்ல, அடிச்சு கழட்டுனவங்களுக்கு இது புரியும்.

அடுத்தது மெட்டீரியல். கிறிஸ் ரீவ்னு தென்னாப்பிரிக்காவுல பொறந்து அமெரிக்காவுல ஐடஹோல போய் தொழில் பண்ணவரு, லைனருக்கு பதிலா கைப்பிடியோட ஒரு பக்கத்தையே வெட்டி லாக்கா மாத்துனாரு, அந்தக் கத்தி தான் செபென்சா, ஜூலு மொழியில 'வேலை'ன்னு அர்த்தமாம். அது டைட்டேனியம். அவரப் பாத்து எல்லாரும் டைட்டேனியம், டைட்டேனியம்னு கெளம்பிட்டாங்க. எடை கம்மி, துரு புடிக்காது, நல்லா ஸ்பிரிங் அடிக்கும், எல்லாம் சரி. ஆனா கத்திக்குப் போடற 6ஏஎல்-4வி டைட்டேனியம் ராக்வெல் கடின அளவுல 36 வாக்குல தான், அலகு ஸ்டீல் 60. ரெண்டும் உரசுனா தேயப்போறது யாருன்னு சொல்லணுமா? அதுலயும் டைட்டேனியத்துக்கு ஒரு கெட்ட புத்தி, அழுத்தத்துல உரசுனா சின்ன சின்னதா பிஞ்சு எதிர்ல இருக்கற ஸ்டீல்ல அப்பிக்கும், அப்புறம் லாக்க விடுவிக்க கட்டவிரல் நகமே பேந்துரும். பென்சில் கரியோ மார்க்கரோ தேச்சு சமாளிக்கறாங்க, நானும் பண்ணிருக்கேன், ரெண்டு நாளைக்கு கேக்கும்.

இதுக்கு வழி இருக்கு. லாக்கோட நுனியில டங்ஸ்டன் கார்பைட தீப்பொறி விட்டு ஏத்தறது ஒண்ணு. சின்ன ஸ்டீல் துண்ட தனியா ஸ்க்ரூ போட்டு வெக்கறது இன்னொண்ணு, தேஞ்சா துண்ட மட்டும் மாத்திக்கலாம், எனக்கு இது தான் புடிக்கும். செபென்சா 31ங்கற மாடல்ல செராமிக் குண்டே அலக முட்டி நிக்கும், டைட்டேனியம் அலக தொடவே தொடாது. இதுல எதுவுமே பண்ணாம வெறும் டைட்டேனியத்த வெட்டி வெச்சுட்டு அலகுக்கு மட்டும் உசந்த ஸ்டீல் போட்டு விக்கறவங்க மேல தான் என் கோவம்.

பின்முதுகு லாக், அதான் 1964ல வந்த பக் கம்பெனியோட 110 கத்தியில இருக்கறது, வேற ஜாதி. சீசா பலகை மாதிரி நடுவுல பின் போட்ட ஒரு ஸ்டீல் கட்டை, அதோட பல்லு அலகுல இருக்கற பள்ளத்துல விழும். பல்லு தேஞ்சா கொஞ்சம் ஆழமா எறங்கும், அடிய தொட்டுருச்சுன்னா முடிஞ்சுது, அப்புறம் ஆட்டம் தான். நடு பின்னோட ஓட்டை வாய் விட்டாலும் இதே தான். கோல்ட் ஸ்டீல்ங்கற கத்தி கம்பெனிக்காக ஆண்ட்ரூ டெம்கோ பண்ண ட்ரை-ஆட் லாக் இதுக்கு நேரடி வைத்தியம். அலகுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு பின்ன நிறுத்தி பாரத்த அது மேல ஏத்திட்டு, கட்டையோட ஓட்டைய வேணும்னே நீளவாக்குல விட்டாரு. தேயத் தேய கட்டை தானா நகந்து உக்காந்துக்கும். பொதுவா ஓட்டை நீண்டு போனா ரிப்பேர்னு சொல்லுவோம், இந்த மனுசன் அதையே டிசைனா வெச்சிருக்காரு பாருங்க!

பெஞ்ச்மேட் கம்பெனியோட ஆக்ஸிஸ் லாக், 1998ல 710ங்கற கத்தியில வந்தது, குறுக்க ஒரு ஸ்டீல் கம்பி, அதுவும் சரிவுல தான் உக்காரும், தேஞ்சா கீழ எறங்கிக்கும். பலவீனம் அதத் தள்ற மயிரளவு கம்பி ஸ்பிரிங் தான், ஒடியும், ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு இருக்கறதால ஒண்ணு ஒடிஞ்சாலும் வேல ஓடும்.

எல்லாத்தயும் விட என்கிட்ட அதிகம் அடி வாங்குனது ஒரு ஓபினெல் 8ம் நம்பர், பிரான்ஸ் கத்தி. பீச் மரக் கைப்பிடி, மேல சுத்தற ஸ்டீல் வளையம், 1955லருந்து வர்ற வளையம் தான். தேஞ்சா இன்னும் கொஞ்சம் சேத்து திருப்பு, அவ்ளோ தான். மழைக்காலத்துல மரம் ஊறி அலகே வெளிய வராது, அது தனி ரோதனை. ஒரு தடவ பலாப்பழம் அறுத்து பால் உள்ள போய் மூணு நாளு திறக்கல. அப்புறம், கத்தி மூட்டுக்கு தேங்காண்ணெ விடறவங்க தயவு செஞ்சு நிறுத்துங்க, பிசுபிசுன்னு ஆகி தூசியெல்லாம் ஒட்டி சாணைக்கல் தூள் மாதிரி அறுக்கும். தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு போதும்.

தம்பி கத்திக்கு வர்றேன். கழட்டிப் பாத்தா வெறும் டைட்டேனியம் லாக், எதிர்ப்பக்கத்த முட்டிக்கிட்டு நிக்குது, நகர எடமே இல்ல. "அலகோட அடிய கிரைண்டிங்ல ஒரு ஓட்டு ஓட்டிரலாங்ணா"ங்கறான். அட கிறுக்கா, அங்க தேய்ச்சா இன்னும் லூசாகும்! விரிஞ்ச அலகு போய் முட்டி நிக்கற பின்ன மாத்துனா தான் வழின்னு சொல்லி, அச்சுல இருந்து பொருளத் தள்ளி விடற எஜெக்டர் பின் பழசு ஒண்ண எடுத்து முனை ரெண்டும் பழைய அளவு, நடுவுல மட்டும் விட்டத்துல 0.2 பெருசா வர்ற மாதிரி கிரைண்ட் பண்ணி போட்டேன். ஒரு பக்கத்துக்கு 0.1, அலகு அவ்வளவு முன்னாடியே நின்னுரும், லாக்கு கிட்டத்தட்ட 0.7 மில்லி திரும்பி வந்துருச்சு. ஆட்டம் இல்ல. ஒரு மாசத்துக்கு நீங்களே வெச்சுக்கங்கண்ணா, என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காதுன்னு அவனே குடுத்துட்டுப் போய்ட்டான்.

நேத்து டீ டைம்ல பாக்கறேன், அளவு எடுக்கற என் வெர்னியர் காலிப்பர எடுத்து சர்ரு சர்ருன்னு திறந்து மூடிட்டு இருக்கான்.